கேமராவுக்கு வைத்த சந்தனம்

ஐதராபாத், அக்டோபர் 2009

அம்மாவுக்கு, கலையரசன் வணங்கி எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? போனில் பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ செய்யூரிலிருந்து அனுப்பிய சந்தனத்தை, ஆயுத பூஜையன்று டிஜிட்டல் கேமராவைப் பூட்டும் அடித்தட்டுக்கும் வைத்தேன். அது தட்டின் பள்ளத்தில் காய்ந்துபோய், மறுநாள் படப்பிடிப்பில் பூட்டு பிடிக்கவில்லை. காரில் பொருத்தியிருந்த கேமரா சரிந்தது. கையைக் கொடுத்துத் தாங்கிவிட்டேன். கையில் சின்ன நசுங்கல்தான்.

"கேமராவுக்கு இன்னா ஆச்சு?" என்று கத்தினார் கேமராமேன். அவரும் நம் ஊர்ப்பக்கம், படாளத்துக்காரர்தான். ஒரு கீறலும் இல்லை என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். என் கையை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மாமல்லபுரத்தில் படப்பிடிப்பு. அங்கிருந்து நம் வீடு பெரிய தூரமா என்ன? கேமரா போகிறது, என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

சட்டைக்குப் பதில் போட, பட்டன் இல்லாத பனியன் இரண்டு பார்சலில் அனுப்பு. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று யோசிக்காதே. இடது கைக்குப் பழகிவிடும்.

கலை