மருதாணி வேலியை வெட்ட வேண்டாம்

பிலோமினா,

விடிவதற்குச் சற்று முன்புதான் கண்ணயர்ந்தாய், எழுப்ப மனம் வரவில்லை. சிதம்பரம் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன். இட்லி மாவை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.

பத்து மணிக்குச் சின்னையன் மருதாணி வேலியின் பின்பக்கத்தை வெட்ட வருவார். டீ கொடுத்து, வெட்ட வேண்டாமென்று அனுப்பிவிடு.

தலையணைக்குள் வைத்தால் தூக்கம் வருமென்று மருதாணிப் பூவுக்காக இரண்டு வருடம் காத்திருந்தாய். பூக்காத செடி என்று நான் குறை சொன்னேன். மாதாமாதம் மட்டமாக நறுக்கியதும் நான்தான். நேற்று நர்சரிக்காரர் சிரித்தார்: "நுனியெல்லாம் வெட்டிப்புட்டா பூ எங்கேர்ந்து சார் வரும்?"

சின்னையனை வரச் சொன்னேன் என்றதும் நீ கேட்டாயே: "உங்களுக்கு வேலி நேரா நின்னா போதும், நான் தூங்குனா என்னா, தூங்காட்டி என்னா?" மூன்று நாளாய் நீ புரண்டு படுக்கும்போதெல்லாம் நானும் விழித்துத்தான் கிடந்தேன். என்னவென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

லூர்து

மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடு.

இன்னொன்று. இப்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்கம், என் கத்திரி எட்டாத ஒரு கிளையில் அரும்பு கட்டியிருக்கிறது. நான் தொடவில்லை.