பூஜை நாளில் வந்த அப்டேட்

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. எம்பிராய்டரி மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டாயிற்று. பூஜையில் வைத்ததை நாளைக் காலை வரை தொடக் கூடாது. அணைப்பதும் தொடுவதுதானே என்று கம்ப்யூட்டரை அப்படியே ஓட விட்டு ஷட்டரை இறக்கினேன். பாவம், அதற்கும் ஒருநாள் ஓய்வு.

அக்டோபர் 2, வியாழன்

நல்ல ஓய்வு! யாரும் தொடாத சமயம் பார்த்துத் தானாகவே அப்டேட் போட்டுக்கொண்டு புது முகத்தோடு உட்கார்ந்திருக்கிறது. விஜயதசமிக்கு முதல் தையல் போடலாம் என்று டிசைனை அனுப்பினால் மிஷின் அசையவே இல்லை.

புரட்டாசியில் எங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது. இந்த மாதம் வந்த ஒரே பெரிய வேலை, வாசுதேவநல்லூர் ஜுலைகா பீவி அக்கா மகள் முபஷ்ஷிராவின் நிக்காஹ் பிளவுஸ். கை இரண்டும் முழுக்கப் பூவேலை. ஞாயிறு நிக்காஹ். இன்னும் ஊசி இறங்கவில்லை.

மாலை கொழுந்தன் கோமதிசங்கர் வந்து பார்த்தான். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். "மதினி, மிஷினோட டிரைவர் பழசு. அது இல்லாம கம்ப்யூட்டர் பேசுதது மிஷினுக்குப் புரியாது. புது அப்டேட்டுக்கு அது ஒத்து வராது. மிஷினை வந்த விலைக்குத் தள்ளிருங்க." சொன்னதைவிட, சொல்லிவிட்டுச் சிரித்ததுதான் எரிகிறது.

அக்டோபர் 3, வெள்ளி

பூஜைக்கு முன்பு வரை ஓடியதுதானே என்று, பழைய டிரைவரையே மிஷினோடு வந்த பென்டிரைவிலிருந்து ஏற்றினேன். ரீஸ்டார்ட். அசையவில்லை. மறுபடி. அதேதான்.

ஜுலைகா அக்கா போன். "மக்கா, பிளவுஸ் ஆச்சா? பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கா." ஆயிட்டிருக்கு அக்கா என்றேன். பொய். ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் பிள்ளை எதைப் போட்டுக்கொண்டு உட்காருவாள்?

மத்தியானம் — டிரைவரின் தேதியைப் பார்த்தேன். நான் ஏற்றியது பழையது. ரீஸ்டார்ட் ஆனதும் அங்கே இந்த வருஷத் தேதி நிற்கிறது. அப்படியென்றால் நான் பழையதை வைக்க வைக்க, கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் போய்ப் புதியதை இழுத்து வருகிறது. ரெண்டும் ஒரே வயருக்குச் சண்டை போடுது, நடுவுல நான் பைத்தியக்காரியா நிக்கேன்.

நெட்டைப் பிடுங்கினேன். மிஷின் வயரையும். இரண்டு டிரைவரையும் அடியோடு நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, பழையதை மட்டும் ஏற்றி, கடைசியாக மிஷின் வயரைச் சொருகினேன்.

ஊசி இறங்கியது. கத்திவிட்டேன். பக்கத்து டீக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

அக்டோபர் 4, சனி

காலையிலிருந்து ஓடுகிறது. நெட் வயர் என் கைப்பைக்குள். கோமதிசங்கர் வந்து வெகுநேரம் நின்று பார்த்தான். "எப்படி மதினி?"

"வந்த விலைக்குத் தள்ள மனசு வரல" என்றேன். வழியைச் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் இன்றைக்கு இல்லை.

சாயங்காலத்துக்குள் பிளவுஸைத் தைத்து நானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

நிக்காஹ். முபஷ்ஷிரா முக்காட்டை ஒதுக்கி, இரண்டு கையும் தெரியும்படி மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இது கையால போட்டதாம்மா, மிஷினா?"

"மிஷின்தாம்மா. ஆனா நான் சொன்னாத்தான் ஓடும்."

கொஞ்சம் அதிகமோ என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. இருக்கட்டும். உண்மைதானே.