முப்பத்தேழு பேர் எழுதிய ஒரே தப்பு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே நீயும் மருமகளும் பேரனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன், இங்கே நாங்களும் சௌக்கியம்தான், உன் அப்பாவின் தலைக்கனத்தில் மட்டும் கொஞ்சம் எடை குறைந்திருக்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. இதைப் போனில் சொல்லக் கூடாதா என்பாய். நான் போனை எடுத்தாலே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றி அவர் எதிரிலேயே எப்படிக் குறை சொல்வது, அதனால்தான் கடைக்கு ஆள் வராத மத்தியான நேரத்தில் ஜெராக்ஸ் மிஷின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மிஷின் ஆடுகிறது என்று எடுத்துக்கொள்.

தங்கை எழுதிய எழுத்தர் தேர்வை மொத்தமாக ரத்து செய்துவிட்டார்கள் என்று போன மாதம் சொன்னேன் அல்லவா, காரணம் எங்கு பார்த்தாலும் காப்பி. பொய்யில்லை, நிஜமாகவே அடித்திருக்கிறார்கள், அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு மையத்தில் கண்காணிப்பாளரே பதில்களை உரக்க வாசித்தாராம், காது மந்தமானவர்களுக்காக இரண்டு தடவை. இன்னொருவன் கையில் மாவுக்கட்டோடு வந்திருக்கிறான், பிரித்துப் பார்த்தால் எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, போன்தான் உள்ளே நடுங்குகிறது. உன்னிடம் மறைப்பானேன், தேர்வுக்கு முந்தின வாரம் நம் கடைக்கே நாலைந்து பேர் வழிகாட்டிப் புத்தகத்தோடு வந்து ஒரு பக்கத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கித் தரச் சொன்னார்கள், கண் கெட்டுப்போகுமே என்று மட்டும் சொல்லிவிட்டு நானும் சுருக்கிக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, இதை அப்பாவிடம் சொல்லிவிடாதே. ஆனால் உன் தங்கை என்ன பாவம் செய்தாள். மூன்று வருஷம் தலை நிமிராமல் படித்தாள். அவளுக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது, மறுதேர்வோ அடுத்த வருஷம்தானாம், அதில் அவள் உட்காரவே முடியாது. ரத்து நிலைத்துவிட்டால் அவளுக்கு இந்த வேலை ஜென்மத்துக்கும் இல்லை.

அதனால் அவளோடு ஒரே கூடத்தில் எழுதிய பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து வழக்குப் போட்டார்கள், மனுவை நானே டைப் அடித்துக் கொடுத்தேன். நம் வக்கீல் பாதி நேரம் வாதம், பாதி நேரம் கொட்டாவி, ஆனாலும் கெட்டிக்காரர். யாரோ செய்த தில்லுமுல்லுக்கு எல்லோரையும் தண்டிக்கக் கூடாது, செய்தவர்களைப் பிரித்தெடுங்கள் என்பதுதான் எங்கள் கட்சி. அதற்குத் தேர்வாணையம் போட்ட பதில் மனுவை நான் இரண்டு தடவை படித்தேன். மனுதாரர்களின் கூடம்தான் இருப்பதிலேயே மோசமாம். கடிகாரத்தில் ஏழு இருபது ஆகும்போது இரண்டு முட்களுக்கும் நடுவே எத்தனை டிகிரி என்ற கேள்விக்கு விடை நூறு, நாற்பது பேரில் முப்பத்தேழு பேர் தொண்ணூறு என்று எழுதியிருக்கிறார்கள். அதுகூடப் போகட்டும், முப்பத்தேழு பேரும் முதல் வரியாக ‘சின்ன முள் மணி அடித்தால்தான் எழுந்திருக்கும்’ என்று ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறார்கள், இது வெளியிலிருந்து வந்த ரகசியக் குறியீடு என்று போட்டிருந்தார்கள்.

ரகசியக் குறியீடாம். அது யாருடைய திருவாய்மொழி என்று உனக்குத் தெரியாதா. பேருந்து நிலையத்தில் உன் அப்பா முப்பத்தோரு வருஷம் நேரக்காப்பாளராக உட்கார்ந்திருந்தாரே, அவர் தலைக்கு மேல் தொங்கிய கடிகாரத்தில் சின்ன முள் ஒரு மணி நேரம் கல் மாதிரி நின்று, மணி அடிக்கும்போது ஒரே தாவாகத் தாவும். உலகத்துக் கடிகாரம் எல்லாம் அப்படித்தான் என்று முடிவு கட்டியவர், கடையின் பின்னறையில் மாலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கும் பதினெட்டு வருஷமாக அதையே ஓதிக்கொண்டிருக்கிறார். அவர் கணக்குப்படி ஏழு இருபதிலும் சின்ன முள் ஏழிலேயேதான் நிற்கும், அதனால் தொண்ணூறு. ஒரு தடவை சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டுபோய்க் காட்டினேன், அது மலிவுச் சரக்கு, முள் லூசாகிவிட்டது என்றார். பிள்ளைகளின் விண்ணப்பங்களை நான்தான் ஒரே நாளில் வரிசையாக அனுப்பினேன், அதனால் எல்லோருக்கும் அடுத்தடுத்த எண், ஒரே கூடம். அவர் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார், நான் அதைக் கட்டாகக் கட்டி அனுப்பிவைத்தேன், புருஷனும் பொண்டாட்டியுமாகச் சேர்ந்து நன்றாகக் குடித்தனம் செய்தோம்.

வக்கீலிடம் போய் இதைச் சொன்னதும் அவருக்குக் கொட்டாவி பாதியில் நின்றுவிட்டது. சொல்லிக்கொடுத்தவரே வந்து இது என் தப்பு என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதுதானே முடியாத காரியம். உன் அப்பா வாழ்க்கையில் தப்பு என்று ஒத்துக்கொண்டு நீ பார்த்திருக்கிறாயா, நான் பார்த்ததில்லை, எனக்கு முப்பத்தாறு வருஷ அனுபவம். எந்தக் கடிகாரம் என்று கேள்வியில் போடாதது தேர்வாணையத்தின் குற்றம் என்றார். மூன்று நாள் யாரோடும் பேச்சில்லை, சாப்பாட்டுத் தட்டோடு மட்டும் பேசினார். நாலாம் நாள் தங்கை தன் புத்தகங்களை எல்லாம் சாக்கில் கட்டி, யாருக்காவது பயன்படட்டும் என்று வாசலில் கொண்டுவந்து வைத்தாள். அழவில்லை, கோபமும் இல்லை, வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் அந்தச் சாக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு நேரே கடைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து, பத்திரத்தை டைப் அடி என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘நான் கற்பித்தது சற்றே மாறுபட்ட முறை’ என்றார், நான் ‘தவறு’ என்று அடித்தேன். கண்ணாடியைப் போட்டுப் படித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் வந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை, சொல்லிவிடாதே, மறுபடியும் கனம் ஏறிவிடும்.

விசாரணையன்று நீதிபதி அம்மா பத்திரத்தைப் படித்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தார், பிறகு பின்வரிசையில் இருந்த உன் அப்பாவை எழுந்து நிற்கச் சொன்னார். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டார், இவர் பதினெட்டு என்றார். எல்லாம் நல்லபடியாகப் போகிறதே என்று நினைத்தேன், அப்போதுதான் தேர்வாணையத்தின் வக்கீல் ஒரு விடைத்தாளைத் தூக்கிக் காட்டினார். இவருடைய சொந்த மகள் அதே வகுப்பில் படித்தவள், அதே கூடத்தில் எழுதியவள், அவள் மட்டும் நூறு என்று சரியாக எழுதியிருக்கிறாளே, அப்படியென்றால் இந்தக் கதையே ஜோடனைதானே என்று கேட்டார். இது எனக்குத் தெரியாது, உன் அப்பாவுக்கும் தெரியாது. நம் வக்கீல் திறந்த வாயை மூடவில்லை, இந்தத் தடவை கொட்டாவி இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டதும் உன் அப்பா திரும்பி உன் தங்கையைப் பார்த்தார், வெகு நேரம் பார்த்தார். “அவ என் பேச்ச என்னைக்குங்க கேட்டிருக்கா?” என்றார். கோர்ட்டே சிரித்துவிட்டது, நீதிபதி அம்மா தாளால் வாயை மறைத்துக்கொண்டார், நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் தீர்ப்பு வந்துவிட்டது. காப்பிக்கு ஆதாரம் இருக்கிற மையங்களில் ரத்து செல்லும், நம் கூடத்துக்குச் செல்லாது, பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதிய தப்பு வேறு, ஒரே ஆசிரியரிடம் படித்த தப்பு வேறு என்று எழுதியிருக்கிறார்கள். நாலு வாரத்தில் முடிவு வரும், தங்கை சாக்கை அவிழ்த்துப் புத்தகங்களை மறுபடி அடுக்கிவிட்டாள். விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்ததுமே அவர் அவளிடம் கேட்டார், தெரிந்திருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. அவள், பதினாறு வயசுலயே சொன்னேன், வகுப்பு முடியறவரைக்கும் நிக்க வெச்சீங்க என்றாள். “அதுக்கப்புறம் உங்க டெஸ்டுல தொண்ணூறு எழுதுவேன், வெளியில நூறு எழுதுவேன்ப்பா” என்றாள். மறுநாள் மாலை வகுப்பில் பலகையில் தன் கையாலேயே சரியான வழியை எழுதிப்போட்டார், அதோடு நிற்காமல் பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் செய்து, நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று சொல்கிறார். பாதிப் பேர் கடிகாரத்தையே மறந்துவிட்டார்கள், ஒருவன் யார் பேசுவது என்று கேட்டானாம்.

பதிவேட்டில் உன் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டார். ஐந்து நாளாகிறது, அதைத் தாண்டிப் போகவில்லை. பெட்டிக்கு அடியிலிருந்து நீ இதே தேர்வை எழுதின வருஷத்துக் கேள்வித்தாளைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார். தேர்வாணையத்துக்கும் சோம்பல்தான், அதிலும் அதே ஏழு இருபது. இரண்டு மதிப்பெண்ணில் போனதே உனக்கு, அதற்குப் பிறகுதானே நீ அவ்வளவு தூரம் போனாய். நேற்று சாப்பிடும்போது, “அவன் தொண்ணூறு எழுதியிருந்தா நான்தானே அவன அனுப்பிவெச்சிருக்கேன்” என்றார். நான் குழம்பு ஊற்றினேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நிறைந்த வாழ்வோடு இருக்க வேண்டும், அதற்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. பேரனுக்கு என் முத்தம், அவனுக்குக் கடிகாரம் பார்க்க நீயே சொல்லிக்கொடு. ஒன்றை மட்டும் மறக்காதே. இந்த வாரம் நீயாகவே அப்பாவைக் கூப்பிடு, அவர் சுற்றி வளைத்து அந்தக் கேள்விக்குத்தான் வருவார். நீ அன்றைக்கு என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நூறு என்று சொல். காப்பியடிப்பது தப்புதான், இந்த ஒன்றை மட்டும் அம்மாவைப் பார்த்து எழுதிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா