குடைத்துணி போர்த்திய குப்பி

ஆய்வுக்கூட மொட்டைமாடியில் இன்று உன் குடைத்துணியை மறுபடி விரித்தேன். வெயிலில் சூடேறிய கறுப்புத் துணிக்கென்று ஒரு வாசனை உண்டே, அது எழுந்ததும் நீ பக்கத்தில் நின்று முணுமுணுப்பது போலிருந்தது. எனக்கு அலுத்துவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயில் படும் தகட்டைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிறேன், நாளைக்கு வண்டியெல்லாம் அதில்தான் ஓடும் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. இப்போது செய்திருக்கும் தகடும் பொய்யென்றால் பேட்டரிப் பிரிவுக்கு மாற்றிக் கேட்பதென்று இருந்தேன்.

நம் முதல் தகட்டை மறந்திருக்கமாட்டாய். கண்ணாடிமேல் துரு நிறத்தில் பூச்சு, அதைக் குப்பியிலிருந்த கரைசலில் முக்கி மாடிக்குக் கொண்டுவந்து வைத்ததும் குமிழ் குமிழாகக் கிளம்பியது. வாயுவைச் சோதிக்கும் கருவி அப்போது பழுதாகிக் கிடந்தது. யார் காத்திருந்தார்கள்? துறைத் தலைவர் மேலிடத்துக்குப் போன் போட்டார். நாம் காரைக்குடி கடைத்தெருவில் வெள்ளைப் பணியாரம் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தோம்.

மறுநாள் மாடியில் நீ திடீரென்று சிரிக்கத் தொடங்கினாய். "ஏ, இங்குட்டு வந்து பாருடி. என் குடிதண்ணி பாட்டில்லயும் எரிபொருள் வருது!"

உண்மைதான். ஏசி அறையிலிருந்து கொண்டுவந்த உன் பாட்டிலின் உள்பக்கமெல்லாம் அதே குமிழ். குளிர்ந்திருந்த தண்ணீர் நம் ஊர் வெயிலில் சூடேறி, தனக்குள் இருந்த காற்றை வெளியே விட்டிருக்கிறது. அதற்குத்தான் நாம் பணியாரம் தின்றோம்.

நீ உன் குடையின் துணியைக் கத்தரித்து இரண்டாவதாக ஒரு குப்பியைச் சுற்றினாய். அதே மாதிரித் தகடு, அதே சூடு, வெளிச்சம் மட்டும் உள்ளே போகாது. அதுவும் குமிழ் விட்டது, அப்படியென்றால் அது வெளிச்சத்தின் வேலை இல்லை. துறைத் தலைவருக்கு முகம் வாடிவிட்டது. "மேல சொல்லியாச்சேம்மா" என்றார். "அதனால என்னங்கய்யா, இல்லைன்னு இன்னொரு தடவ சொல்லிருவீகள்ல" என்றாய். எனக்கு உன்மேல் அன்று கோபம்தான் வந்தது.

பிறகு எத்தனையோ தகடுகள். சில இருட்டிலும் குமிழ் விட்டன, சில வெயிலிலேயே சும்மா கிடந்தன. நான் எதைக் காட்டினாலும் நீ கேட்பது ஒன்றுதான்: "இத வச்சு ஒரு டீ போடக் காணுமாடி?"

மதுரை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் உன் உடம்பைப் பற்றி என்னைப் பேசவிடவில்லை. "டீ போடுற அளவுக்கு வந்துச்சா?" என்றாய். வந்தது என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் இல்லையென்று தலையாட்டினேன். "சரி, மெதுவா வரட்டும். வெயிலுக்கா பஞ்சம் நம்ம ஊர்ல" என்று கண்ணை மூடிக்கொண்டாய். அன்று ஊரை நெருங்கிக் கோவிலூர் தாண்டும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

இன்று ஒன்றை உன் துணியால் சுற்றி, இரண்டு குப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெயிலில் இருந்ததில் குமிழ் வந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பழகிப்போன பயம்தான் வந்தது. வெகுநேரம் துணியைத் தொடவே இல்லை. பிறகு விலக்கிப் பார்த்தேன். குப்பிகளை இடம் மாற்றி, துணியையும் மாற்றிச் சுற்றி, மறுபடி பார்த்தேன். கருவி இப்போது நன்றாக இருக்கிறது. அது ஹைட்ரஜன் என்றே காட்டியது.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, பணியாரமும் வாங்கவில்லை. மாற்றல் கேட்கும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். உன் துணியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன், நாளைக்கும் வேண்டும்.

டீ போடக் காணாது. ஒரு மடக்குத் தண்ணீர் வெதுவெதுப்பானாலே பெரிசு. ஆனால் இருட்டுல வச்சது சும்மா இருந்துச்சுடி.