முதல் வெற்றிலை

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். புளி உலுக்க ஆள் வரவில்லை. கிடந்ததை நானே தட்டி ஓடு நீக்கினேன். நகக்கண் எல்லாம் எரிச்சல்.

மதியம் பள்ளிக்கூடம். எச்.எம். சார் வரச் சொல்லியிருந்தார். நான்தானே ப.மே.கு. தலைவி. பள்ளி மேலாண்மைக் குழு என்று முழுதாகச் சொல்வதற்குள் மூச்சு வாங்கும். பெரிய பதவி, ஒரு டீ கிடையாது.

ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளை மலைக்குக் கீழே உள்ள பள்ளிக்கு மாற்றப் போகிறார்களாம். பிள்ளைகள் குறைவாம். வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார். பெற்றோரில் பாதிப் பேராவது வந்து வேண்டாம் என்றால் மேலே எழுதுவார். வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று முடித்துவிடுவார்.

என் மகள் தேவி ஆறாவது. கீழே போக ஒரே பஸ், காட்டு வழி, அதுவும் பாதி நாள் வராது. இங்கே வகுப்பு போனால் அவள் படிப்பும் போனது.

"குரூப்ல போட்டுட்றேன் சார்" என்றேன்.

"அதாம்மா போடக்கூடாது." உத்தரவை எடுத்துப் படித்தார். பள்ளி பேரில் பெற்றோர் வாட்ஸ்அப் குழு கூடாது. பிள்ளைகளிடம் சீட்டு கொடுத்தனுப்பக் கூடாது. எதுவானாலும் அலுவலகச் செய்தியாகத்தான் போகவேண்டும். எல்லாம் அந்தக் கழிப்பறைப் படத்தால் வந்தது. ஜீப் ஓட்டும் குப்பன் கதவில்லாத கழிப்பறையைப் படம் பிடித்து குரூப்பில் போட்டான், அது சுற்றிச் சுற்றி அதிகாரி போனுக்கே போய்விட்டது. கதவு வரவில்லை. உத்தரவு வந்தது.

சாரும் பாவம். "நீ வாயால சொல்லும்மா, அத யாரு தடுக்கப் போறாங்க? நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."

குரூப்பைக் கலைத்தாயிற்று.

மார்ச் 4, செவ்வாய்

பாறை மேல் ஏறினேன், அங்குதான் டவர் கிடைக்கும். ஏறியதும் தேவி அப்பா போன், குடகிலிருந்து. "இஸ்கூல்ல மீட்டிங்காமே, மெசேஜ் வந்துச்சி. இங்க இருந்துகினு நான் இன்னா பண்றது?"

அலுவலகச் செய்தி ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. போன் நம்பரெல்லாம் ஆம்பிளைகளுடையது. ஆம்பிளைகள் எல்லாம் குடகுக் காப்பித் தோட்டத்தில் கூலி வேலைக்கு. கூட்டத்தை அங்கே வைத்தால் உட்கார இடம் இருக்காது. சிரித்துவிட்டேன். இறங்கும்போது அழுகை.

வாய்ச்சொல் மட்டும் போதாது. கல்யாணமோ காதுகுத்தோ, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் இங்கே வருவார்கள். வாங்கிக்கொண்டவர்கள் வராமல் இருக்க முடியாது. வெற்றிலை வைக்கக் கூடாது என்று எந்த உத்தரவும் இல்லையே! யோசனை எனக்கே பிடித்துவிட்டது.

வாங்க: வெற்றிலை, கொட்டைப்பாக்கு, தேவிக்கு ஊக்கு, சோப்பு.

மார்ச் 5, புதன்

விடியலில் குப்பன் ஜீப் கடைசி ஊருக்குப் போவதாகச் சத்தம் கொடுத்தான். அதை விட்டால் நடைதான். தட்டோடு ஏறிவிட்டேன். அங்கிருந்து ஊர் ஊராகக் கீழே நடந்து வந்தேன். வீட்டுக்கு வீடு வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி, "வகுப்ப எட்த்துட்டா எம் பொண்ணு ஆடுதான் மேய்க்கும். நான் வர்றேன், நீ போ" என்றாள். கால் வலியே தெரியவில்லை.

முதல் வெற்றிலை ஊர்த் தலைவர், ஊர்க் கவுண்டர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். எனக்குத் தெரியாததா? அவர் வீடு எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சாயந்திரம் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பக்கத்திலேயே இருந்ததுதான் கேடு.

போனபோது விஷயம் எனக்கு முன்னால் போயிருந்தது. தண்ணீர் வேணுமா என்றுகூடக் கேட்கவில்லை கவுண்டர் வீட்டு அம்மா.

"ஊருக்கெல்லாம் குட்த்துட்டு மிச்சத்த எனுக்கு எட்த்தாந்தியா?" என்றார் கவுண்டர்.

"இல்லீங்க மாமா, ஜீப்பு போய்டும்னு..."

"ஜீப்பு பெருசா, மொற பெருசா?"

அவர் பேத்தி ஏழாவது. அதையும் சொன்னேன். "அது வேற" என்றார். காலில் விழுந்தேன். எழுந்து உள்ளே போய்விட்டார். தட்டு அப்படியே இருந்தது.

மார்ச் 6, வியாழன்

வெற்றிலை திரும்பி வருகிறது. காலையிலிருந்து ஒவ்வொருத்தியாக வந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நேற்று வர்றேன் போ என்றவளும் வந்தாள்.

"கோச்சிக்காத ராணி. கவுண்டர் வராத எடத்துக்கு நான் வந்தா, நாள பின்ன எங்க வூட்டு நல்லது கெட்டதுக்கு யாரு வருவா?"

அவளைத் திட்ட முடியவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் போகமாட்டேன்.

தலைவலி. கேழ்வரகு அரைக்கக் கொடுக்கவில்லை. தேவி கேட்டாள், "நாளிக்கி எல்லாரும் வர்றாங்களாம்மா?" வருவார்கள் என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

பாய் எல்லாம் விரித்து வைத்திருந்தார் சார். ஒரு பாய்கூட நிறையவில்லை.

அதிகாரி தன்மையானவர். அதுதான் இன்னும் கஷ்டம். "பேரன்ட்ஸுக்கே அக்கறை இல்லையேம்மா, நான் என்ன செய்ய?" என்றார். வெற்றிலைக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"இந்தக் காலத்துல வெத்தலையா? ஒரு குரூப் வச்சு மெசேஜ் போட்டிருக்கலாமேம்மா."

சார் தரையைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். நான் சொன்னேன்னு சொல்லிடாத என்றவரை என்ன கேட்பது. "உத்தரவுங்க" என்றேன். அதிகாரி அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தார்.

மார்ச் 10, திங்கள்

தூறல். காயப்போட்ட புளி நனைந்தது.

கவுண்டர் பேத்தியைத் திருப்பத்தூரில் சொந்தக்காரர் வீட்டில் விடப்போகிறார்களாம். அவருக்கு அது ஆகும்.

கீழ்ப்பள்ளி விடுதியில் கேட்டு வந்தேன். இடமில்லை. தேவி அப்பா போனில், "ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க. அவள தனியா வுட்டுட்டு நீ எங்க வேலைக்குப் போவ?" என்றார். வரமாட்டேன் என்று கத்தினேன். பாறையில் புல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. பெரும்பாலும் என் மேல்தான்.

ஜூன் 2, திங்கள். குடகு

மழை விடவில்லை. கூலியாட்களுக்கான லைன் வீட்டில் விறகு எல்லாம் ஈரம், அடுப்பு ஊதி ஊதிக் கண் சிவந்துவிட்டது. இன்று ஊரில் பள்ளிக்கூடம் திறந்திருப்பார்கள். தேவி அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

காலையில் தோட்டத்து மேஸ்திரி வேலைக்குப் பேர் எழுத வந்தார். என் பேர், தேவி அப்பா பேர். பிறகு தேவியைக் காட்டி, இவளுக்கு என்ன வயது என்றார்.

பதினாறு என்றேன். தேவி என்னைப் பார்க்காமலே ஆமாம் என்று தலையாட்டினாள்.