அரை டம்ளர் காப்பி

பக்கத்து வீட்டிலிருந்து வலித் தைலத்தின் வாசம் வருகிறது. ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடுகிறது. அந்த வீட்டுப் பெண் கொஞ்ச நாளாகக் குத்துச்சண்டை பழகப் போகிறாள். பெண் பிள்ளைகளும் குத்துகிறார்கள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள்.

இந்த வாசத்துக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். விடிவதற்குள் ஆற்று மணலில் ஓடிவிட்டு வருவீர்கள். பழைய வேட்டியை நான் நீளநீளமாகக் கிழித்துத் தருவேன். அதைக் கையில் சுற்றிக்கொண்டு புழக்கடையில் தொங்கும் உமி மூட்டையைக் குத்துவீர்கள். மதராஸில் குத்துச்சண்டைப் போட்டியில் ஜெயித்து வந்தபோது, பட்டம் வாங்கிய முதல் திருநெல்வேலிக்காரர் என்று ஜங்ஷனில் மாலை போட்டார்கள். எனக்கு உங்கள் வீங்கிய கண்தான் தெரிந்தது. அடுத்தடுத்த வருஷங்களிலும் அதே மாலை, அதே கண், அதே தைலம்.

தொண்ணூறுகளில் உங்கள் கை நடுங்க ஆரம்பித்தது. நாக்குக் குழறியது, நடை தள்ளாடியது. தலையில் வாங்கிய அடிகள்தான் காரணம் என்றார் பாளையங்கோட்டை டாக்டர். காப்பி சிந்தினால் உங்களுக்கு அவமானமாக இருந்தது. அதனால் அரை டம்ளரே ஊற்றித் தந்தேன். அதைப் பற்றி நாம் பேசிக்கொண்டதில்லை.

பேட்டைப் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் பரிசு கொடுக்க உங்களைக் கூப்பிட்டார்களே, அன்றைக்கு மேடையில் கோப்பை உங்கள் கை நழுவி விழுந்தது. "அண்ணாச்சி காலையிலயே ஏத்திட்டு வந்துட்டாரு வே" என்று பின்னால் ஒருவர் சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சாராய வாடையே ஆகாத மனுஷர் நீங்கள். எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்ததும் சொன்னீர்கள்: "ஏளா, அடி வாங்கித்தான் இப்படி ஆச்சுன்னு யார்ட்டயும் சொல்லிராத. குடிக்கான்னே நெனச்சுக்கிடட்டும்."

"இல்லாத பழிய எதுக்குச் சுமக்கணும்?"

"ரிங்குல என்னை ஒருத்தனும் கீழ விழ வச்சதில்ல. இப்ப விழுந்துட்டான்னு பேசப்பிடாது."

நடுங்கும் கையை நீட்டினீர்கள். அதில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகு கடைக்கும் கோயிலுக்கும் குடிகாரன் பெண்டாட்டியாகத்தான் போய்வந்தேன். நீங்கள் செத்த அன்று துட்டி கேட்க வந்த ஒருத்தி, "குடிச்சுக் குடிச்சே போயிட்டாரு" என்று என் காதுபடவே சொன்னாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அலுத்துப்போய்விட்டது.

இன்று காலை அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். "பெரியம்மா, போட்டிக்கு அனுப்பச் சொல்லி இவ ஒத்தக்கால்ல நிக்கா. பெரியப்பாவுக்குக் குடியினாலதான கை நடுங்குச்சு? அடி பட்டதால இல்லையே?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"அவிய ஒரு சொட்டு குடிச்சதில்லம்மா. எல்லாம் தலையில வாங்குன அடி."

"அப்ப நாங்க இத்தன நாளும்..." என்று ஆரம்பித்தவள் எழுந்து போய்விட்டாள். ரிங்கில் யாரும் உங்களை விழ வைத்ததில்லை. இன்று நான் வைத்துவிட்டேன். கோபப்படுவீர்கள் என்று தெரியும்.

அப்படியும் இதோ, சாயந்திரமானதும் தைல வாசம். அந்தப் பெண் இன்றைக்கும் பழகப் போய்விட்டு வந்திருக்கிறாள். சொன்னால் கேட்கிற ஜாதியா நீங்களெல்லாம்? அடுப்படிக்குப் போய் எனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அரை டம்ளர்தான்.