மடிக்கும்போது என்ன முணுமுணுத்தீர்கள், அண்ணே?

என் பிரியத்துக்குரிய ஞானம் அண்ணனுக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. இப்போது இருக்கிற இடம் பத்தாயிரம் அடிக்கு மேலா கீழா? மேலே என்றால், ஒருநாள்கூட எங்கள் விமானத்தில் ஏறாத நீங்கள் எங்கள் எல்லாரையும் முந்திவிட்டீர்கள். "மடிக்கிறது என் வேலை, குதிக்கிறது ஒங்க பைத்தியம்" என்று பதினைந்து வருடம் தரையிலேயே உட்கார்ந்து எங்களுக்குப் பாராசூட் மடித்துக் கொடுத்தவர்தானே!

வருடக் கடைசிக் கூட்டம் வழக்கம்போல வேன் வேனாக வந்து இறங்கியது. பள்ளி விடுமுறை, கிறிஸ்மஸ், புது வருடம். பழைய வருடத்தை ஆகாயத்திலிருந்து தள்ளிவிட்டு வரலாம் என்று வருகிறார்களோ என்னவோ! நான் ஒவ்வொருவராக நெஞ்சோடு கட்டிக்கொண்டு குதிக்கிறேன். எடை கேட்டால் எல்லாரும் பொய் சொல்கிறார்கள். கிறிஸ்மஸ் கேக்கை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரெம்பியாவிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். வாரைக் கட்டும்போதே விசாரணை.

"தம்பி, இது தொறக்கலன்னா?"

"இன்னொண்ணு இருக்கு டீச்சர்."

"அதுவும் தொறக்கலன்னா?"

"அப்போ ஸ்கூல் தொறந்தாலும் நீங்க போக வேணாம் லா."

முதுகில் ஓர் அடி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரு மடிச்சது?" என்று கேட்டார். முன்பெல்லாம் அந்தக் கேள்விக்கு உங்களைக் கை காட்டுவேன். இப்போது "நாந்தான்" என்றேன்.

ஆமாம் அண்ணே. நீங்கள் போனதிலிருந்து என்னுடையதை நானே மடிக்கிறேன். இரண்டு பேரைச் சுமக்கிற பாராசூட் என்பதால் ஒன்றை மடிக்கவே எனக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. ஒரு நாளைக்கு ஏழு முறை குதித்தவன் மூன்று முறைதான் குதிக்கிறேன். முட்டி இரண்டும் போய்விட்டது.

உங்கள் இடத்துக்கு ஆள் வராமல் இல்லை. காக் நோர் என்று ஒரு மலாய் அக்கா, செர்காமில் மீனவக் குடும்பம். முறையாகப் படித்து, தேர்வு எழுதி வந்தவர். கை சுத்தம். ஆனால் அவர் வாய் அசைவதில்லை. சிரிக்காதீர்கள்! நீங்கள் துணியை விரித்ததும் உதடு அசைய ஆரம்பிக்கும். பையை மூடுகிற பின்னைச் செருகும் வரை ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பீர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டே எனக்குப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. அது இல்லாமல் மடித்த பாராசூட்டை முதுகில் மாட்ட மனசு வரவில்லை.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் காக் நோர் மடித்துக் கொடுத்ததை எல்லார் முன்னாலும் பிரித்தேன். பின்னை இழுத்து, துணியை உதறிப் போட்டுவிட்டு, முதலிலிருந்து நானே மடித்தேன். பரிமாறிய சோற்றை முகர்ந்து பார்த்துத் தள்ளி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். நான் செய்தது தப்பு என்று அப்போதே தெரிந்தது, அண்ணே. வாய்தான் வரவில்லை.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "குணா, ரெண்டாந்தேதி ரெண்டு பஸ் ஆளு வருது. காக் நோர் மடிச்சத மாட்டிக்கிட்டு குதி. முடியாதுன்னா கீழ நின்னு எடை பாரு. நான் வேற ஆளு தேடிக்கிறேன்."

குதிப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? கீழே நின்று மற்றவர்கள் மேலே போவதைப் பார்க்கிற உடம்பா இது?

அப்போதுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் என்னதான் முணுமுணுத்தீர்கள்? விமானியைக் கேட்டேன். "ஜெபம் லா, வேற என்ன" என்றார். ஆபீஸ் பெண்ணோ, "ஒங்களத்தான் திட்டியிருப்பாரு" என்றாள். நானும் ஜெபம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் ஒலிபெருக்கியில் உங்கள் முணுமுணுப்பை நடித்துக் காட்டிப் பயணிகளைச் சிரிக்க வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் தலை நிமிராமல், பாதி மடித்ததைப் பிரித்துப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். கோபம் என்று நினைத்தேன்.

ஒன்றாந்தேதி பதினொரு மணிக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. இனிக் குதிக்க முடியாது என்று திடலை மூடிவிட்டார்கள். நான் மோட்டாரை எடுத்துக்கொண்டு டுரியான் துங்காலில் உங்கள் வீட்டுக்குப் போனேன். ரோஸ்லின் அண்ணி பூசை முடிந்து வந்து சமைத்து வைத்திருந்தார். உங்கள் நாற்காலியில் துவைத்த துணி குவிந்து கிடந்தது. அதைப் பார்க்காத மாதிரி கோழிக் குழம்பைச் சாப்பிட்டேன். கை கழுவியதும் கேட்டுவிட்டேன்.

"அண்ணி, அண்ணன் மடிக்கிறப்போ என்ன ஜெபம் சொல்லுவாரு?"

அண்ணி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஜெபமா? அந்த மனுசன் பூசையிலயே தூங்குற ஆளு! குணா, அது பெரட்டு லா!"

எனக்கு விளங்கவில்லை. அண்ணி விளக்கினார். "அவங்கப்பா எஸ்டேட்டுல மண்டோரு. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பெரட்டுக் களத்துல எல்லாரையும் நிக்க வச்சு பேரு கூப்புடுவாரு. ஒரு ஆளு 'இருக்கேன்'னு சொல்லலன்னாலும் கூட்டம் நகராது. இவருக்கு, பாராசூட் மடிக்கக் குடுத்த இங்கிலீஸ் லிஸ்டு மண்டையில ஏறல. அதுனால ஒவ்வொரு வேலைக்கும் எஸ்டேட்டு ஆளு ஒருத்தர் பேர வச்சிட்டாரு. தலகாணி உறைய மடிச்சு மடிச்சு இந்த மேசையிலதான் பாடம் பண்ணாரு. எனக்கே மனப்பாடம்."

மேசை விரிப்பை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார். பிரேக் கயிறு வேலாயி. திறக்கிற வேகத்தைக் குறைக்கிற சதுரத் துணி முனியாண்டி. இப்படிப் பதினொரு பேர். கடைசியில் பையை மூடுகிற பின் வீராச்சாமி.

"நடுவுல யாராச்சும் பேசிட்டா?"

"மொதல்லேர்ந்துதான். பாதியில விட்டா யாரு வந்தா, யாரு வரலன்னு எப்புடித் தெரியும்?"

அப்படியென்றால் அன்றைக்கு நீங்கள் கோபப்படவில்லையா? கொஞ்சமாவது பட்டிருப்பீர்களே?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இது அண்ணியுடையது. முதலில் வெளியே போய்ப் பெரிய பாராசூட்டை இழுத்துவரும் குட்டிப் பாராசூட்டுக்குச் செவந்தி என்று பேர் வைத்திருக்கிறீர்கள். "மத்த எல்லாரையும் சொன்னாரு. செவந்தி யாருன்னு கேட்டா மட்டும் சிரிப்பாரு. ஒனக்குத் தெரியுமா?" என்றார் அண்ணி. சத்தியமாக எனக்குத் தெரியாது. கனவில் வந்தாவது அண்ணிக்குப் பதில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் என்னைத்தான் குடைவார்.

பழைய வருடக் காலண்டர் தாளின் பின்னால் பதினொரு பேரையும் எழுதிக்கொண்டேன். இரண்டாந்தேதி காலையில் பஸ் வருவதற்கு முன்பே திடலுக்குப் போனேன். காக் நோர் கயிறுகளை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"மிந்தா மாஃப், காக்," என்று மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கயிற்றை விடவில்லை. "வலைய ஒழுங்கா மடிக்கலன்னா கடல்ல என் அப்பா கைதான் மாட்டிக்கும். அதப் பாத்து வளந்தவ நான்," என்றார் மலாயில். தாளைக் காட்டி உங்கள் கதையைச் சொன்னேன். நீங்க மடிங்க, நான் பக்கத்துல நின்னு பேர் கூப்புடலாமா என்று கேட்டேன். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் எழுத்து தெரியாவிட்டாலும் பேர்களை எண்ணினார்.

"சரி, கூப்புடு."

"வேலாயி!"

பிரேக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "அடா" என்றார். உங்கள் அப்பாவின் பெரட்டில் 'இருக்கேன்' என்று சொன்னதைத்தான் அவர் தன் மொழியில் சொன்னார். முனியாண்டி, அடா. செவந்தி என்றதும் நிறுத்தி, யார் அது என்று கேட்டார். யாருக்கும் தெரியாது, வீட்டில் அண்ணியே தேடிக்கொண்டிருக்கிறார் என்றேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார். நடுவில் பேசிவிட்டோமே என்று முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வீராச்சாமி, அடா.

நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவர் பின்னிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"ஒன் அண்ணன் பேரு எங்க?"

மண்டோர் தன் பேரைத் தானே கூப்பிடமாட்டார் இல்லையா? எனக்கு அது தோன்றவே இல்லை.

"ஞானப்பிரகாசம்," என்றேன். கூப்பிட்டு முடிக்கும் முன் அழுதுவிட்டேன், அண்ணே. சவ அடக்கத்தன்று வராத அழுகை. காக் நோர் பாராசூட் மேல் உள்ளங்கையை வைத்து, உங்கள் பதிலுக்கு நேரம் கொடுப்பவர் போலக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு மெதுவாக, "அடா" என்றார்.

அதையே மாட்டிக்கொண்டு போனேன். ஜாசினிலிருந்து வந்த லாரி ஓட்டுநர் ஒருவரை என் நெஞ்சோடு கட்டியிருந்தேன். கதவு திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். குதித்தோம். நேரம் வந்ததும் செவந்தியை வெளியே விட்டேன். தலைக்கு மேல் துணி படபடவென்று விரிந்தது. நான் அண்ணாந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். காற்றுச் சத்தம் அடங்கியதும் லாரிக்காரர் கண்ணைத் திறந்தார். கீழே டுரியான் துங்கால் அணை பளபளவென்று கிடந்தது.

"அண்ணே, வாய்க்குள்ளயே என்னமோ சொல்றீங்களே, ஜெபமா?"

"இல்ல லா. ஆளு கணக்கு. எல்லாரும் இருக்காங்க."

அன்றைக்கு ஏழு முறை குதித்தேன். ஏழும் காக் நோர் மடித்தது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணே. அவர் மடித்ததை இனி ஒருநாளும் பிரிக்கமாட்டேன். எவ்வளவு அவசரமானாலும் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்ட பிறகுதான் தரையை விட்டு நகர்வேன். நடுவில் முதலாளியே பேசினாலும் முதலிலிருந்துதான். உங்கள் முறை வரும்போது நீங்கள் இருந்தால் போதும்.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
குணா